ஹெப்சிபா ஒட்டிய சுவர்

எங்கள் ஹெப்சிபா சித்தியால் ஒரு சுவரைச் சும்மா கடந்துபோக முடியாது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கழுத்து திரும்பிக்கொண்டே வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள், எந்த வீட்டு முகப்பில் கல் கோணலாக ஒட்டியிருக்கிறது, எது அடுத்த கோடைக்குள் உதிர்ந்துவிடும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவாள். பக்கத்தில் இருப்பவர் யாரென்றே பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. மம்சாபுரத்தில் பிறந்து, மடவார் வளாகத்தில் பெலிக்ஸ் சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். வீட்டு முகப்பிலும் காம்பவுண்டிலும் அழகுக்காகப் பட்டை பட்டையாகக் கல் ஒட்டுவது அவளுடைய தொழில். எலிவேஷன் வேலை என்பார்கள். போன மழைக்காலத்தில் அவள் தான் ஒட்டிய சுவரைத் தானே உடைத்தாள். ஏன் உடைத்தாள் என்று ஆளுக்கு ஒரு மாதிரி பேசுகிறார்கள். நான் அங்கே இல்லை. அங்கே இருந்தவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கட்டட வேலையில் ஆண்கள் கொத்தனார், பெண்கள் சித்தாள். சித்தாள் மண் சுமப்பாள், கலவை போடுவாள், சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவாள். கரண்டியை எடுத்துச் சுவரில் பூச மாட்டாள். தலை நரைக்கிற வரை வேலை பார்த்தாலும் சித்தாள் சித்தாள்தான். சித்தியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சித்தாளாகத்தான் போனாள். சித்தப்பா கொத்தனார். ஒரே சுவரில் இரண்டு பேரும் வேலை பார்ப்பார்கள், அவர் மேலே சாரத்தில், இவள் கீழே சட்டியோடு.

அப்போதுதான் இந்த ஒட்டுக்கல் ராஜபாளையத்துக்கு வந்தது. ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் கம்பெனி ஆள் ஒருவர் பலகையில் பசை தடவிக் கல்லை ஒட்டிக் காட்டினார். கொத்தனார்களெல்லாம் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் தவசிமுத்து கொத்தனார். கருங்கல் கட்டு என்றால் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சிரித்துவிட்டார்.

"இது ஒரு கொத்து வேலையாலே? பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கணும்."

எல்லோரும் சிரித்துக் கலைந்த பிறகு சித்தி கம்பெனி ஆளிடம் போய், "நான் ஒட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். புது வேலை. இது ஆண் செய்வதா பெண் செய்வதா என்று அதுவரை யாரும் முடிவு கட்டியிருக்கவில்லை. அந்தச் சந்தில் சித்தி நுழைந்துவிட்டாள். சில வருடங்களில் அவள் பெயர் சொல்லி ஆள் தேடி வந்தார்கள். சித்தப்பா சில நாட்கள் அவளுக்குக் கலவை போடவே போனார். ஆனால் யாரும் அவளைக் கொத்தனார் என்று சொல்லவில்லை. தவசிமுத்து வைத்த பெயர்தான் நிலைத்தது.

"ஏட்டி பல்லி, எந்தச் சுவத்துக்குப் போறே?"

"பல்லி விழுந்தா பலன் உங்களுக்குத்தான் அண்ணாச்சி. தலையப் பாத்துக்கிடுங்க."

வாயில் பதில் இருந்தாலும் மனசில் அது உறுத்திக்கொண்டே இருந்தது என்று அம்மா சொல்வாள்.

ராஜபாளையத்தில் ஜெயசித்ரா என்று ஒரு அம்மா. பேண்டேஜ் துணி நெய்கிற சின்ன மில் வைத்திருக்கிறார். மேற்கே மலை பார்த்த மேட்டில் புது வீடு கட்டினார். வீடு மேலே, தெரு கீழே. மேட்டு மண் தெருவில் சரியாமல் இருக்க, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கருங்கல் சுவரைத் தவசிமுத்து கட்டியிருந்தார். அந்தச் சுவரின் தெருப்பக்க முகத்துக்குக் கல் ஒட்டும் வேலை சித்திக்கு வந்தது. அவள் அதுவரை செய்ததிலேயே பெரிய வேலை.

அந்தச் சுவரின் அடியில் வரிசையாக ஆறு ஓட்டை இருந்தது. ஓட்டை எதற்கென்றால், மேட்டு மண் மழையைக் குடித்தால் கனக்கும். உள்ளே தேங்குகிற தண்ணீர் வெளியே வர வழி இல்லாவிட்டால் சுவரைத் தள்ளும். அதனால் என்ஜினியர் சொல்லி ஆறு இடத்தில் பிளாஸ்டிக் குழாய் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

ஓட்டைகளுக்கு இரண்டு எதிரிகள். ஒருவர் ஜெயசித்ரா.

"தண்ணி ஒழுகி ஒழுகிக் கறை பிடிச்சிரும் ஹெப்சிபா. வீட்டு முகத்துல அழுத மாதிரி கோடு விழக்கூடாது. தோட்டத்துத் தண்ணிதான் பின்பக்கமாப் போயிருதே, இது எதுக்கு? மூடிரு."

இன்னொருவர் கருத்தையா. அந்தச் சுவர் நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர்.

"ஆமா, அடைச்சிரு தாயி. போன மாசம் குனிஞ்சு பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன், ஓட்டைக்குள்ள இருந்து ஒரு சாரப்பாம்பு மூஞ்சிக்கு நேரா எட்டிப் பாக்கு."

"சாரை கடிக்காது மாமா."

"கடிக்காதுன்னு அதுக்குத் தெரியுமாட்டி?"

அவர் ஏற்கெனவே ஆறு குழாயிலும் கிழிந்த துணியைத் திணித்து வைத்திருந்தார்.

சித்திக்கு இது தவறு என்று தெரியாமல் இல்லை. நூறு நாள் வேலையில் மம்சாபுரத்துப் பக்கம் ஒரு கண்மாய்க் கரைக்கு அவளும் கல் பதித்திருக்கிறாள். அலை அரிக்காமல் இருக்க உள்கரையில் பதிக்கிற அந்தக் கற்களுக்கு நடுவே சிமெண்ட் வைக்கமாட்டார்கள். புகுந்த தண்ணீர் திரும்பி வர இடுக்கு வேண்டும். "அது கண்மாய், இது வீடுன்னு நெனச்சிட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். கேட்டிலிருந்து கடைசி மூலை வரை ஒரு இடத்திலும் அறுபடாமல் கல் வரிசை ஓட வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருந்ததாம். ஓட்டைகளை மூடினாள்.

வேலை முடிந்தபோது தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். ஜெயசித்ரா அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

"பால்காய்ப்பு அன்னைக்குக் கொத்தனாருக்கெல்லாம் மரியாதை செய்வோம்ல, அதுல உன்னையும் கூப்பிடுவேன். தவசிமுத்துக்கு அடுத்து நீ."

புது வீட்டில் பால் காய்ச்சி முடித்ததும், கட்டிய கொத்தனார், ஆசாரி எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்து, தாம்பூலத்தோடு வேட்டி துண்டு கொடுப்பார்கள். கொத்தனாருக்குத்தான் முதல் மரியாதை. சித்தாள்களுக்குச் சாப்பாடு மட்டும் உண்டு. ஒரு பெண்ணை அந்த வரிசையில் கூப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். சர்ச்சில் சொன்னாள். தையல்கடைக்காரியிடம் அளவு கொடுக்கும்போது சொன்னாள். தவசிமுத்து முன்னால், மற்ற கொத்தனார்கள் முன்னால், மைக்கில் தன் பெயர் கேட்கப்போகிறது. அது அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எங்களுக்குத் தெரியும்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் மழை விட்டதும் பஸ் ஏறிப்போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளே தேங்கிய தண்ணீர் கசிந்து, கல் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அடுத்த மழைக்குப் பிறகு மறுபடியும் போனாள். தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள், சுவரோடு நேராகத்தான் இறங்கியது. சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு பத்தை மட்டும் உள்ளே பிடிப்பு விட்டதுபோல் கொடகொடவென்று ஒலித்தது. மேலே ஏறித் தோட்டத்தைப் பார்த்தாள். புல்தரை போடுவதற்காக லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். பின்பக்கம் தண்ணீர் போகிற வாய்க்கால் மண்ணுக்குள் போயிருந்தது. இனி அத்தனை தண்ணீரும் முன்சுவரில்தான் வந்து நிற்கும்.

அன்றைக்கு வீட்டில் சோறு அடிபிடித்தது. சித்தப்பா கேட்டார். சொன்னாள்.

"நாம கல்லுதான ஒட்டினோம்? சுவரு தவசிமுத்து அண்ணாச்சி கட்டினது. விழுந்தா அவரு பாடு."

"விழுந்தா கருத்தையா மாமா பாடு. அவருதான கீழ நிக்காரு."

தவசிமுத்துவுக்குப் போன் போட்டாள். "என் சுவரு அசையாது. உன் ஒட்டுக்கல்லுதான் வயித்தத் தள்ளும். போனை வை" என்றார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மேல் கல் மட்டும் விட்டுக்கொண்டிருக்கலாம். சுவரே தள்ளிக்கொண்டு வரலாம். உடைத்துப் பார்க்காமல் தெரியாது. ஜெயசித்ராவிடம் போய் நின்றாள். அவர் அழைப்பிதழ் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பால்காய்ப்பு முடியட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் செய். இப்ப உடைச்சா வாரவங்க என்ன நினைப்பாங்க? உனக்குத்தான கெட்ட பேரு?"

அதுவும் சரிதான். கருத்தையாவை வண்டியைத் தள்ளிப் போடச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. "எதுத்தாப்ல போட்டா நாள் பூராம் வெயிலு. அங்க வந்து நீ இஸ்திரி போடுதியா?"

பால்காய்ப்புக்கு முந்தின நாள் மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. விடியும் முன்பே சித்தியும் சித்தப்பாவும் கிளம்பினார்கள். புதுச் சேலை, புது ரவிக்கை. கையில் இருந்த பை இழுத்துக்கொண்டு தொங்கியது.

"பால்காய்ப்புக்கு இம்புட்டுக் கனமா என்ன கொண்டு வாரே?" என்று கேட்டார் சித்தப்பா.

"மொய்" என்றாள் சித்தி.

பைக்குள் உளியும் சுத்தியலும் தூக்குக்குண்டும் இருந்தன.

போய்ப் பார்த்தால் அந்தச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அண்டாவில் பொங்கல். நாலைந்து பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கருத்தையாவும் அங்கேதான், வீட்டு ஆண்களின் பட்டு வேட்டிகளுக்குப் பெட்டி போட்டபடி. மேலே மேளம். சித்தி கொட்டகையின் ஓரத்தில் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டாள். இடுப்பு உயரத்துக்கு வந்ததும் நூல் நேராக இறங்கவில்லை. சுவர் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. போன வாரம் அப்படி இல்லை.

"அண்ணே, கொட்டகைய அந்தப் பக்கம் மாத்துங்க. சுவரு சரியில்ல."

தலைமைச் சமையல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொங்கல் கொதிக்கி. எப்படி மாத்த? நீ யாரும்மா சொல்ல?"

நான் இந்தச் சுவரை ஒட்டினவ என்று அவள் சொல்லவில்லை. சொல்லிப் பேச்சு வளர்ப்பதற்கு நேரமில்லை என்று நினைத்தாளாம். மேலே போய் ஜெயசித்ராவைக் கூப்பிடலாம் என்றால், அவர் ஹோமத்தில் உட்கார்ந்திருக்கிறார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். முதல் ஓட்டை இருக்கும் இடத்தில் உளியை வைத்தாள்.

"ஹெப்சி" என்றார் சித்தப்பா. குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தார்.

இரண்டு கல் பெயர்ந்தது. குழாய்க்குள் கருத்தையாவின் துணி ஊறிக் கட்டியாக இருந்தது. கரி கிளறுகிற கம்பியை அவர் வண்டியிலிருந்தே எடுத்து மாட்டி இழுத்தாள். துணி வந்தது. அதற்குப் பின்னால் செந்தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து முதல் அடுப்பை அணைத்தது. நறுக்கிய வாழைக்காய் மிதந்து தெருவில் போனது.

"ஐயையோ, ஏம்மா உனக்குப் பைத்தியமா!"

"ஏட்டி, பாம்பு! பாம்பு வரப்போகுது!" கருத்தையா பட்டு வேட்டிகளை வாரிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். வாயால் சொன்னதற்கு நகராதவர்கள் சேற்றுக்கு நகர்ந்தார்கள். பொங்கல் அண்டாவை நான்கு பேர் தூக்கி எதிர்வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார்கள். சித்தி இரண்டாவது ஓட்டைக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டு ஜெயசித்ரா படியிறங்கி வந்தார். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். சுவரின் முகத்தில் செம்மண் வழிந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்த விருந்தாளிகள் சேற்றைத் தாண்ட முடியாமல் காருக்குள்ளேயே இருந்தார்கள்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா உனக்கு?"

"சுவரு வெளிய வருதும்மா. நூலப் பாருங்க."

அவர் நூலைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்று சித்தப்பா சொன்னார். பிறகு மேலே போய்விட்டார். சித்தி உளியை மறுபடி எடுத்தாள்.

ஐந்தாவது ஓட்டையில் இருக்கும்போது மேலே மைக்கில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். தவசிமுத்து கொத்தனார். யாரோ யாரிடமோ எதையோ கேட்பது தெரிந்தது. பிறகு, "கல்லு ஒட்டின பெலிக்ஸ் கொத்தனார் மேடைக்கு வரவும்" என்றது மைக்.

சித்தியின் கை நின்றது.

"கூப்பிடுதாவ. போங்க" என்றாள், நிமிராமல்.

"நான் எதுக்குப் போகணும்? நான் உனக்குக் கலவை போட்டவன்." குடை அசையவில்லை. மைக் இன்னொரு தடவை கூப்பிட்டது. பிறகு ஆசாரியின் பெயருக்குப் போனது.

இரண்டு ஓரத்திலிருந்தும் திறந்துகொண்டு வந்தவளுக்கு, நடுவில் மிச்சமிருந்த ஆறாவது ஓட்டைதான் கிடைக்கவில்லை. மூடும்போது அடையாளம் வைத்திருக்கவில்லை. இருக்கும் என்று நினைத்த இடத்தில் உடைத்தாள், கருங்கல்தான் இருந்தது. ஒரு முழம் தள்ளி உடைத்தாள். அங்கேயும் இல்லை. சுவர் வயிறு தள்ளியிருந்ததும் அந்த இடம்தான். தான் ஒட்டிய கல்லை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். புதுச் சேலை முட்டி வரை செம்மண்.

அப்போது தவசிமுத்து இறங்கி வந்தார். தோளில் புது வேட்டியும் துண்டும். தண்ணீர் பாய்கிற ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, தொங்கிக்கொண்டிருந்த நூலுக்கு முன்னால் நின்றார். கையை நூலுக்கும் கல் பெயர்ந்த இடத்தில் தெரிந்த கருங்கல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். தள்ளியிருந்தது ஒட்டுக்கல் இல்லை, அவர் கட்டிய சுவர்.

"எப்ப இருந்து தண்ணி வருது?"

"காலையில இருந்து."

"இன்னும் இதே வேகத்துலயா?"

"இதே வேகத்துல."

துண்டையும் வேட்டியையும் சித்தப்பாவின் குடைக்குள் நீட்டினார். கட்டியிருந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த எடத்துல பெரிய கல்லு ஒண்ணு குறுக்க வந்திச்சி. குழாயக் கீழ எறக்கி வச்சேன்" என்று தரையோடு தரையாக ஓர் இடத்தைக் காட்டினார். "ஏட்டி பல்லி, அந்த உளிய எடுத்துக் குடு."

"கைய நீட்டி எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. நான் சித்தாள் இல்ல."

அவர் கையை நீட்டி எடுத்துக்கொண்டார். ஆறாவது ஓட்டையை இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தார்கள். மற்ற ஐந்தையும் விட அதில்தான் அதிகம் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு நூல் அதற்கு மேல் நகரவில்லை.

அந்தச் சுவர் விழுந்திருக்குமா என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. விழவில்லை என்பதால், பொறாமையில் நல்ல சுவரைக் கெடுத்தாள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் மேல் பொறாமை என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். தவசிமுத்துவும் யாரிடமும் போய்ச் சாட்சி சொல்லவில்லை. ஆனால் மழை விட்ட பிறகு தன் ஆட்களோடு வந்து அந்தச் சுவருக்கு இரண்டு முட்டுத்தூண் கட்டிக் கொடுத்தார். சித்தி பாம்பு நுழையாதபடி ஆறு குழாய்க்கும் கம்பி வலை வைத்து, சுற்றிலும் மறுபடி கல் ஒட்டினாள். பழைய நிறத்தில் கல் கிடைக்கவில்லை. கேட்டிலிருந்து பார்த்தால் ஆறு இடமும் தனியாகத் தெரிகிறது. ஜெயசித்ரா அந்த வேலைக்கு மறுப்புச் சொல்லவில்லை. நின்று பார்க்கவும் இல்லை. அவருடைய தம்பி கட்டுகிற ஆபீஸுக்குக் கல் ஒட்ட வேறு ஆள் வந்திருக்கிறார்.

சித்தி இப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கேயும் ஒரு மேட்டுச் சுவர் இருக்கிறது. முதல் நாளே ஓட்டைகளைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டாளாம். மண்டபத்துக்காரருக்கு அது பிடிக்கவில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் எங்கள் வீட்டில் இருந்தபோது மேற்கே மேகம் கறுத்தது. சித்தி காபியை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். இங்கே தூறல் விழ ஆரம்பித்ததும் போனை எடுத்துக் கருத்தையாவுக்கு அடித்தாள்.

"மாமா, அங்க மழையா?"

"ஊத்துது."

"ஓட்டையில தண்ணி வருதா? ஆறுலயுமா? எண்ணிச் சொல்லுங்க."

"வருதுட்டி, வருது, எல்லாத்துலயும் வருது. போனை வை, துணி கருகுது."